பெயர்ப் பட்டியலிலிருந்து குடும்ப வரலாற்றுக்கு
(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊர்களில் இப்போது ஒரு நல்ல வழக்கம் பரவி வருகிறது. பெருநாள் கூடுதலிலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு பிள்ளை பெரிய தாளை விரித்து வைத்துக்கொண்டு, "நன்னாவுடைய வாப்பா பெயர் என்ன? அவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டு எழுதுகிறது. குடும்ப மரம் வரைகிறார்கள். இதைப் பார்த்து நாங்கள் மகிழ்கிறோம். உறவைத் துண்டிக்காமல் பேணுவதற்கு, முதலில் உறவு யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்களிடம் காட்டப்படும் தாள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. நான்கு தலைமுறைக்கு ஆண்களின் பெயர்கள். பிறந்தார், மணந்தார், மௌத்தானார். சில இடங்களில் "பர்மாவில் கடை", "கொழும்பில் வியாபாரம்" என்று ஒரு வரி. பெண்களின் இடத்தில் பல நேரம் வெறும் கோடுதான். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயர் மூன்று தடவை வருகிறது. எந்த முகைதீன் எந்த முகைதீன் என்று எழுதிய பிள்ளைக்கே தெரியவில்லை. அதற்கு மேல் போக வழியில்லை என்று தாளைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

வழி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த உரை. அந்த வழிக்குச் சமூக வரலாறு என்று பெயர். அரசர்களின் கதை இதில் வராது. சாதாரண மக்கள் எந்தக் கப்பலில் போனார்கள், என்ன வேலை செய்தார்கள், அரிசி விலை ஏறியபோதும் இறங்கியபோதும் என்ன ஆனார்கள், எந்தச் சட்டம் அவர்களைத் தடுத்தது, எந்த நோய் அவர்களை வாரிக்கொண்டு போனது என்பவைதான் வரும். உங்கள் பாட்டனாரைப் பற்றி யாரும் புத்தகம் எழுதியிருக்க மாட்டார்கள். அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து அவர் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகள் தாமாக வரும்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்

நம் பகுதிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளில் சொல்லப்படும் ஒரு வரி இது: "பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தார், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்." இந்த ஒரு வரியைச் சமூக வரலாற்றின் துணையோடு படித்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எப்படிப் போனார்? பல பிள்ளைகள் பாட்டனாரின் பாஸ்போர்ட்டைத் தேடிக் களைத்துப் போகிறார்கள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து கப்பலேறி ரங்கூன் போவது, வேறு மாகாணத்துக்குப் போவது போலத்தான். ஆகவே அவர் 1920களில் போனவர் என்றால் பாஸ்போர்ட் கிடைக்காததில் வியப்பில்லை. அதைத் தேடும் நேரத்தை வேறு தாள்களுக்குச் செலவிடலாம்.

இரண்டாவது: யாரோடு இருந்தார்? 1931 கணக்கெடுப்பின்போது பர்மாவில் ஏறத்தாழ 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழ் முஸ்லிம்களை அங்கே சோலியா என்று அழைத்தார்கள். இதே பெயர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சூலியா என்று வழங்கியது. ஆக, உங்கள் பாட்டனார் யாருமில்லாத சீமையில் தனியாக நின்றவர் அல்லர். ஊர்க்காரர் ஒருவர் அழைத்திருப்பார், ஊர்க்காரர் கடையில் முதலில் வேலை பார்த்திருப்பார், பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்திருப்பார். அப்படியென்றால் அவரைப் பற்றிய செய்தி உங்கள் வீட்டில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதே தெருவில் பர்மா போன இன்னொரு குடும்பத்தின் பெட்டியிலும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது: எப்போது திரும்பினார்? "குண்டு போட்டதும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் பர்மாவிலிருந்து நம்மவர்கள் ஒரே தடவையில் திரும்பவில்லை. 1930-இல் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் பர்மாவின் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடனுக்குச் சரக்குக் கொடுத்த சிறு கடைக்காரர்கள் அப்போதே நொடித்தார்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தொடங்கிய கலவரத்தில் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். 1938 ஜூலையில் முஸ்லிம்களைக் குறிவைத்த கலவரம் ரங்கூனில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவியது. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன் மீது முதல் குண்டுவீச்சு. 1942 மார்ச் 8-இல் நகரம் ஜப்பானியர் கையில். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களும் உண்டு. 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கியபோது, அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வெறுங்கையோடு வந்தார்கள். சென்னையில் பர்மா பஜார் உண்டானது இப்படித் திரும்பியவர்களால்தான்.

ஆகவே "பர்மாவிலிருந்து திரும்பினார்" என்பதற்கு ஐந்து விதமான பொருள் இருக்கிறது. எது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும்? பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். 1939-இலும் 1941-இலும் ஊரில் பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர் 1938 கலவரத்தை ஒட்டியே திரும்பியிருக்கலாம். 1935-க்கும் 1943-க்கும் நடுவே பிள்ளை இல்லையென்றால் அவர் கடைசி வரை அங்கிருந்தவராக இருக்கலாம். இவை முடிவுகள் அல்ல. எந்தத் திசையில் தேடுவது என்று காட்டும் குறிப்புகள்.

நான்காவது: எந்த வழியாக நடந்தார்? நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் வந்தார்கள். ஒன்று, புரோம் நகரத்திலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தவுங்குப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். மற்றொன்று, தமு வழியாக மணிப்பூருக்குள் நுழைந்து இம்பால், அங்கிருந்து திமாப்பூர் ரயிலடி. வீட்டில் பெரியவர் யாராவது "சிட்டகாங்" என்ற சொல்லை நினைவு வைத்திருந்தால் ஒரு பாதை. "மணிப்பூர்" என்றால் மற்றொரு பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து நடத்தியதை அன்றைய இந்தியத் தலைவர்கள் கண்டித்தார்கள். ரங்கூன் விழுவதற்கு முன் கப்பலில் இடம் கிடைத்து வந்தவர்களும் பல்லாயிரம். எனவே "நடந்து வந்தார்" என்பதைக்கூட ஒருமுறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

பாட்டனார் ஏன் அந்தப் பயணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவே இல்லை என்பதும் இந்த வரலாற்றைப் படித்தால்தான் புரிகிறது. பல வீடுகளில் அவரைக் கடுகடுப்பானவர், யாரோடும் ஒட்டாதவர் என்றுதான் சொல்வார்கள். அவர் எதைத் தாண்டி வந்தார் என்று தெரிந்த பிறகு அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்ல வாய் வராது.

ஊரில் இருந்தவர்கள் எங்கே?

இதுவரை பேசியது சபர் போன ஆண்களைப் பற்றி. அவர்கள் சபரில் இருந்தபோது வீட்டை நடத்தியவர்கள் யார்? குடும்ப மரத்தில் கோடாக மட்டும் நிற்கும் பெண்கள்.

1942-லிருந்து 1945 வரை பர்மாவும் மலாயாவும் ஜப்பானியர் பிடியில். கடிதம் வராது, மணியார்டர் வராது. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத நிலையில் பெண்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள். இதற்கு எழுத்துச் சான்று எங்கே இருக்கும்? சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அந்த ஆண்டுகளின் அடைமானப் பத்திரங்களையும் கிரயப் பத்திரங்களையும் பாருங்கள். வீட்டின் ஒரு பகுதி, தோப்பு, காலி மனை யார் பெயரில் யாரிடம் போனது என்று பாருங்கள். "எங்கள் தோப்பு போய்விட்டது" என்று வீட்டில் சொல்லும் கதைக்குத் தேதி கிடைக்கும். அந்தத் தேதி 1943 என்றால், தோப்பை யாரும் ஊதாரித்தனமாக விற்கவில்லை, பிள்ளைகளின் பசிக்கு விற்றார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. எண்பது ஆண்டுகளாக ஒருவர் மேல் சுமத்தப்பட்ட பழி இப்படி இறங்கவும் கூடும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பின் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வீடு பெண்மக்களுக்குப் போகும். இந்த ஊர்க் குடும்பங்கள் ஆண் வழியாக மட்டும் மரம் வரைந்தால் பாதி வழியிலேயே நின்றுவிடும். வீட்டின் மூலப்பத்திரத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மகள், தாய், தாயின் தாய் என்று பெண்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கலாம். இதோடு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முஸ்லிம்கள் செய்யும் ஹிபாவைப் பதிவுப் பத்திரம் இல்லாமலே செய்ய 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே பத்திரம் இல்லை என்பதால் கொடுக்கவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும் பகுதியை, அதாவது செக்குபந்தியை, யாரும் படிப்பதில்லை. அதில்தான் அண்டை வீட்டாரின் பெயரும் பட்டமும் இருக்கும். வடக்கே யார், தெற்கே யார் என்று இரண்டு மூன்று பத்திரங்களைச் சேர்த்துப் பார்த்தால், நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று ஒரு வரைபடமே வரைந்துவிடலாம்.

நிக்காஹ் பதிவேடும் அப்படித்தான். சில ஊர்களில் அதைக் கடுத்தப் புத்தகம் என்கிறார்கள். மணமக்கள் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடாதீர்கள். மஹர் எவ்வளவு என்று பாருங்கள். அதே ஆண்டில் அதே ஜமாஅத்தில் நடந்த மற்ற நிக்காஹ்களின் மஹரோடு ஒப்பிடுங்கள், குடும்பத்தின் நிலை ஓரளவு தெரியும். வலி யார் என்று பாருங்கள். தந்தைக்குப் பதிலாகப் பெரிய வாப்பாவோ சிறிய வாப்பாவோ வலியாக நின்றிருந்தால், தந்தை அதற்குள் மௌத்தாகியிருக்கலாம், அல்லது சபரில் இருந்திருக்கலாம். சாட்சிகள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நெருங்கிய உறவினரோ தொழில் கூட்டாளியோதான் சாட்சி நிற்பார். ஒரே பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது.

பெண்களின் உழைப்பையும் எழுதுங்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்த கைகள், மேலப்பாளையத்தில் பீடி சுற்றிய கைகள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. "வீட்டு வேலை" என்று ஒற்றைச் சொல்லில் அவற்றை மறைத்துவிடக் கூடாது.

"நன்னி படிக்காதவர், கைநாட்டு" என்று சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். பத்திரத்தில் ரேகை வைத்த பெண்களில் பலர் அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில் மார்க்க நூல்களும் பைத்துகளும் கடிதங்களும் எழுதப்பட்டன. பள்ளிக்கூடம் போகாத பெண், ஓதும் பள்ளியில் கற்ற எழுத்தில் கணவருக்குக் கடிதம் எழுதியிருக்கலாம். பரணில் அரபு எழுத்தில் ஏதோ காகிதம் கிடைத்தால், "ஓதுகிற ஏடு" என்று எடுத்து வைத்துவிடுகிறோம், அல்லது மரியாதையாகப் புதைத்துவிடுகிறோம். அது உங்கள் நன்னியின் கடிதமாக இருக்கலாம். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடமோ வயதான தாய் ஒருவரிடமோ ஒருமுறை காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.

தேதியைக் கண்டுபிடிப்பது

நம் பெரியவர்கள் ஆங்கிலத் தேதி சொல்ல மாட்டார்கள். "தாது வருஷப் பஞ்சத்துக்கு மறுவருஷம்", "தனுஷ்கோடி அழிந்த வருஷம்" என்று சொல்வார்கள். இவை துல்லியமான தேதிகள்தாம். தாது வருடம் என்பது 1876-77. அந்தப் பெரும் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில். "விஷக் காய்ச்சலில் வீட்டுக்கு இரண்டு பேர் போனார்கள்" என்றால் அது 1918-இன் இன்புளுயன்சாவாக இருக்கலாம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், சித்திரபானு என்றால் 1882-ஆ 1942-ஆ என்று மற்றச் செய்திகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

மீசான் கல்லிலும் பழைய ஏடுகளிலும் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். எனவே ஹிஜ்ரிக் கணக்கில் 33 ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் சுமார் 32 ஆண்டு. "66 வயதில் மௌத்தானார்" என்பது ஹிஜ்ரிக் கணக்கானால் ஆங்கிலக் கணக்கில் 64. பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு தள்ளிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹிஜ்ரி 1361 தொடங்கியது 1942 ஜனவரியில். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றை ஓரளவு கணக்கிட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். சேர்ப்பதற்கு வசதியாக ஆசிரியர் போட்ட தேதியாக இருப்பது சகஜம்.

பட்டப் பெயர்களும் பெருமைகளும்

மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, மாலுமியார், நாகுதா, தரகனார் என்ற பெயர்கள் தொழிலையும் கடலையும் சந்தையையும் நமக்கு நினைவூட்டுகின்றன. குதிரை வணிகம் காயலுக்கு வந்ததை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். பினாங்கில் 1801-இல் உண்டான கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நம் மக்கள் போன வழியைக் காட்டி நிற்கின்றன. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றை வைத்து, "எங்கள் முப்பாட்டனார் அரபு நாட்டுக் குதிரை வியாபாரி" என்று மரத்தின் உச்சியில் எழுதிவிட முடியாது. பட்டம் தொழிலால் வந்திருக்கலாம், திருமண உறவால் வந்திருக்கலாம், ஊர் வழக்கத்தால் ஒட்டியிருக்கலாம். அரபு வணிகர்கள் வந்தார்கள், இங்கேயே மணமுடித்தார்கள். இந்த மண்ணின் மக்கள் இஸ்லாத்தை ஏற்றார்கள். இரண்டும் நடந்தவை. நெசவு செய்தவர், பாய் முடைந்தவர், வண்டி ஓட்டியவர், தோணியில் கூலிக்குப் போனவர் இவர்களும் நம் முன்னோர்கள்தாம். அவர்களை மறைத்து ஒரு கப்பல் முதலாளியைக் கொண்டுவந்து உச்சியில் வைப்பது, உண்மையில் உழைத்து நம்மை ஆளாக்கியவருக்குச் செய்யும் நன்றிக்கேடு.

1906-இல் வெளிவந்த மதுரை, தஞ்சாவூர், தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியர்களும், 1917-இல் வந்த திருநெல்வேலிக் கெசட்டியரும், தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள், குலங்கள் பற்றிய நூலும் நமக்கு உதவும். அவற்றில் நம் ஊர்த் தொழில்கள், சந்தைகள், துறைமுகங்கள் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. ஆனால் அவை ஆள வந்த அதிகாரிகள் தங்கள் தேவைக்கு எழுதியவை. "இந்தச் சமூகத்தார் இப்படிப்பட்ட குணமுடையவர்" என்று அவர்கள் எழுதிய தீர்ப்புகளை அப்படியே எடுத்துக் குடும்ப வரலாற்றில் சேர்க்கக் கூடாது. செய்தியை எடுத்துக்கொள்வோம், தீர்ப்பை அங்கேயே விட்டுவிடுவோம்.

பேசாமல் விட்டவை

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கனமான செய்தி. சபர் போனவர்களில் பலர் அங்கேயும் நிக்காஹ் செய்திருந்தார்கள். பர்மாவில் இந்திய முஸ்லிம் ஆணுக்கும் பர்மியப் பெண்ணுக்கும் பிறந்த வழியினரைச் செர்பாதி என்று அழைத்தார்கள். 1931 கணக்கெடுப்பு அவர்களைத் தனியாக எண்ணியது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்தப் பெண்களின் திருமண உரிமை, வாரிசுரிமை பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்து, பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமை குறித்து 1939-இல் பர்மாவில் தனிச் சட்டமே வந்தது. 1942-இல் ஆண்கள் தப்பி வந்தபோது சிலர் மனைவி மக்களோடு வந்தார்கள். சிலர் விட்டுவிட்டு வந்தார்கள். சிலர் அங்கேயே தங்கி, ஊரில் இருந்த மனைவியிடம் திரும்பவே இல்லை.

நம் குடும்ப மரங்களில் இந்தப் பிள்ளைகள் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு இது வெட்கம். அங்கே இருப்பவர்களுக்கு, "வாப்பாவின் ஊர் எது?" என்ற கேள்வி மட்டும் மிச்சம். அப்படித் தேடி வரும் ஒரு பேரனுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சமூக வரலாறு தெரிந்தால் இதைப் பதற்றமில்லாமல் பார்க்க முடியும். உங்கள் பாட்டனார் ஒருவர் மட்டும் செய்த காரியம் அல்ல அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் திரும்ப முடியாத வாழ்க்கையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நேர்ந்தது. அதற்காக அதில் நேர்ந்த அநீதியை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஊரில் காத்திருந்த மனைவியின் வேதனையும் உண்மை, அங்கே விடப்பட்ட பிள்ளைகளின் வேதனையும் உண்மை. இரண்டையும் எழுதலாம். ஆனால் எழுதும் முன் குடும்பத்தின் மூத்தவர்களிடம் பேசுங்கள். உயிரோடு இருப்பவர்களின் செய்தியை அவர்கள் இசைவு இல்லாமல் அச்சிலோ வாட்ஸ்அப்பிலோ போட வேண்டாம். வீட்டுக்குள் மட்டும் வைக்கும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாலும் போதும். எழுதாமல் விட்டால் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறையும் கைவிடப்பட்டவர்கள் ஆவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்கள் குடும்பத்தில் நடந்தவை. வலப்பக்கம் அதே ஆண்டில் ஊரிலும் நாட்டிலும் நடந்தவை. இடப்பக்கம் "1930, கடை மூடியது" என்று இருக்க, வலப்பக்கம் "நெல் விலை வீழ்ச்சி, ரங்கூன் கலவரம்" என்று எழுதும்போது இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியோடு பெரியவர்களிடம் போங்கள்.

பெரியவர்களிடம் தேதி கேட்காதீர்கள். "நோன்பு திறக்க என்ன இருக்கும்? வீட்டில் யார் எங்கே தூங்குவார்கள்? பணம் எப்படி வரும்? யார் கடிதத்தைப் படித்துச் சொல்வார்கள்? உங்களுக்கு யாரைக் கண்டால் பயம்?" என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு அவர்களைக் களைக்கச் செய்ய வேண்டாம்.

எழுதும்போது மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: தாளில் கண்டது, பெரியவர் சொன்னது, நீங்கள் ஊகித்தது. சமூக வரலாறு, அந்தக் காலத்தில் என்ன நடந்திருக்க முடியும் என்றுதான் சொல்லும். உங்கள் பாட்டனாருக்கு அதுதான் நடந்தது என்று சொல்லாது. ஆயிரம் பேர் மணிப்பூர் வழியாக நடந்தார்கள் என்பதால் அவரும் நடந்தார் என்று ஆகிவிடாது. "நடந்திருக்கலாம்" என்று எழுதினால் அடுத்த தலைமுறை மேலும் தேடும். "நடந்தார்" என்று எழுதிவிட்டால் தேடலே நின்றுவிடும்.

பிறகு தாள்களைத் தேடுங்கள். வீட்டு மூலப்பத்திரம், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு, அடக்கத்தலத்தின் மீசான் கற்கள், சார்பதிவாளர் அலுவலகம், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக எழுதிய பழைய தாள்கள் நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மாவட்டம் மாவட்டமாக அச்சிட்ட கணக்கு இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் என்ன தொழில் வளர்ந்தது, எது தேய்ந்தது என்று அதில் தெரியும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பதிவேடுகள் கரையானுக்கும் மழை ஒழுக்குக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அடக்கத்தலத்தைச் சீர் செய்யும்போது கல்லை அகற்ற நேர்ந்தால், அதற்கு முன் எழுத்தைப் படி எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு இளைஞர்களும் சில வெள்ளிக்கிழமை மாலைகளும் போதும்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலேயே வயதில் மூத்த பெண்மணி யாரோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய உம்மாவின் பெயரையும், அந்த உம்மாவின் உம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பெயர்களும் பெரும்பாலும் எந்தத் தாளிலும் இல்லை. அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன.

அல்லாஹ் நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.